எந்தக் கழிஞ்சது?

— கையை எடும் அய்யரே. அந்த ரப்பர் பையைத் தொடப்பிடாது. முதலாளி வந்து பாக்குகது வரைக்கும் அது மேசை மேலயே கெடக்கணும்.

— தொடலை பிள்ளைவாள். எந்த இடத்துல பொளந்திருக்குன்னு குனிஞ்சு பாத்தேன், அவ்வளவுதான். ஒட்டின விளிம்பு அப்படியே வாயைத் தெறந்துண்டு நிக்கறது.

— பாத்தது போரும். கதவைச் சாத்தீட்டு இங்கிண ஸ்டூல்ல இரியும். பேக்கிங் ரூம்காரிகளுக்குக் காது பூரா இந்தப் பக்கம்தான்.

— கதவைச் சாத்திண்டு விசாரிக்கற அளவுக்கு நான் என்ன பண்ணிட்டேன்?

— அதைத்தான் நீரு சொல்லப்போறீரு. கேட்டேரா, கொல்லத்துல பட்டாளத்து ஆஸ்பத்திரியில ஒரு பையன். பர்மா எல்லையில கெடந்து மலேரியாவோட வந்தவன். குளிர்ல நடுங்குகான்னு நர்ஸம்மா இந்தப் பையில வெந்நி ஊத்தி வயித்து மேல வெச்சிருக்கா. வெச்ச கையோட பொளந்து, வயிறும் தொடையும் வெந்துபோச்சு. பை மேல நம்ம கம்பெனிப் பேரு கொட்டை எழுத்துல அடிச்சுக் கெடக்கு.

— பகவானே. பையன் பிழைச்சானா?

— உசிரு இருக்கு. மிச்சத்தை டாக்டர்தான் சொல்லணும். கேப்டன் ஒருத்தன் ரயில்ல இந்தப் பையோட வந்து எறங்கி, முதலாளியை உண்டு இல்லைன்னு ஆக்கிட்டான். யுத்த காலத்துல பட்டாளத்துக்குக் கெட்ட சரக்கு அனுப்பினா அது வெறும் தப்பு இல்லையாம்வே. நாசவேலையாம். போலீஸு, ஜெயிலுன்னு குதிக்கான். முதலாளி எனக்கிட்ட சொல்லிட்டாரு: 'பெருமாளு, நீரு பழைய ஸ்டோர் கீப்பரு, எல்லாவனையும் ஒமக்குத் தெரியும். நான் கேப்டனைக் கூட்டிட்டு வரதுக்குள்ள எனக்கு ஒரு பேரு வேணும்'ன்னு.

— பேருன்னா?

— இதை வெளிய விட்டவன் பேரு. அந்தப் பேருகாரன் இன்னைக்கு ராத்திரி வீட்டுல படுக்கமாட்டான். அதனால யோசிச்சுப் பேசும்.

— நேக்கு யோசிக்க ஒண்ணுமில்லை. கேளுங்கோ.

— இந்த கம்பெனியில எந்தப் பையும் எக்ஸாமினர் பிச்சுமணி அய்யரு கையைத் தாண்டாம வெளிய போகாது. செரிதானே?

— சரிதான்.

— எப்பிடிப் பரிசோதிக்கீரு? எனக்குத் தெரியாதுன்னே வெச்சுக்கிட்டுச் சொல்லும்.

— கொதிக்கக் கொதிக்க வெந்நீரை ரொப்பி, மூடியைத் திருகித் தலைகீழா தொங்கவிடுவேன். சொட்டினா கழிச்சுடுவேன். சொட்டலைன்னா கீழே போட்டு, கூலியாள் பிச்சையாவை மேல ஏறி நிக்கச் சொல்வேன். அவன் நல்ல கனத்த சரீரம். அவன் நின்னும் விளிம்பு விட்டுக்குடுக்கலைன்னா பாஸ்.

— எல்லாப் பை மேலயும் ஏறுவானா அவன்?

— நல்ல ரப்பர் ஷீட்ல பண்ணினதுன்னா கூடைக்கு ஒண்ணு ரெண்டு எடுத்துப் பாப்பேன். தாணுலிங்கம் பிள்ளையோட ஷீட்டுன்னா ஒண்ணு விடமாட்டேன்.

— அதென்ன தாணுலிங்கத்துக்கு மட்டும் தனிச் சட்டம்? அவன் நாகர்கோவில்காரன்னா ஒமக்கு எளக்காரமா?

— ஊரைச் சொல்லலை பிள்ளைவாள், சரக்கைச் சொல்றேன். அவர் அனுப்பறது ஒரு தோட்டத்து ரப்பர் இல்லை. அங்கங்கே சின்னச் சின்னத் தோட்டக்காராகிட்ட வாங்கி ஒண்ணாக் கலந்துடறார். ஒரு ஷீட் நன்னாப் புகை போட்டிருக்கும். அடுத்தது ஈரமா, பச்சையா இருக்கும். வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சேள்னா உள்ளே கொப்புளம் கொப்புளமாத் தெரியும். அதை எந்தச் சூட்டுல வெச்சு ஒட்டினாலும் ஒட்டாது. வாசல்லயே திருப்பி அனுப்புங்கோன்னு உங்ககிட்ட எத்தனை தரம் கெஞ்சியிருக்கேன்?

— திருப்பி அனுப்பீட்டு மெஷினுக்கு என்னத்தைப் போட? ஒம்ம பூணூலையா? கெடைக்குகதை எடுக்காண்டாமா?

— எடுங்கோ. ஆனா கண்ணால பாத்து எடுங்கோ. முதலாளியே சொல்லலையா? 'இன்னொரு லாட் மொத்தமாக் கழிஞ்சா தாணுலிங்கம் சகவாசமே வேண்டாம்'னு. நீங்களும் பக்கத்துலதானே நின்னுண்டிருந்தேள்?

— நின்னேன், நின்னேன். இந்தப் பை எந்த லாட்டு?

— அதே தாணுலிங்கம் பிள்ளை ஷீட்டுதான். போன வாரம் சரக்கு ஏத்தக் கரி லாரி வந்து போச்சே, அன்னிக்குக் காலம்பற பாத்த லாட். பிச்சையா ஒரு காலை வெச்சதுமே பொளந்து, அவன் பாதத்துல வெந்நீர் கொட்டிடுத்து. பாவம், குதிச்சான். அடுத்தடுத்து எல்லாம் அதே கதி. ஒண்ணுகூடத் தேறலை. அத்தனையையும் கழிச்சு, பெட்டியில போட்டு மூலையில அடுக்கினேன்.

— மூலையில அடுக்கின பெட்டி காலு மொளச்சுப் போயி லாரியில ஏறிச்சோ?

— அதான் நேக்குப் புரியலை.

— எனக்கும் புரியல்லை. அதனாலதான் கதவைச் சாத்தியிருக்கு. கழிச்ச பெட்டியில என்ன அடையாளம் போட்டீரு?

— எதால போடறது? முந்தியெல்லாம் செவப்புப் பெயிண்ட்ல பெரிசாப் பெருக்கல் குறி போடுவேன். எழுத்து தெரியாதவாகூட அதைக் கண்டா கிட்டக்க வரமாட்டா. போன ஓணத்துக்கு அப்புறம் பெயிண்ட் டப்பாவைக் கண்ணால கண்டேனா? உங்க ஸ்டோர் வாசல்ல நின்னு நின்னு கால் வலிச்சதுதான் மிச்சம்.

— கப்பலெல்லாம் கடல்ல முங்குகு. பெயிண்டு எங்கயிருந்து வரும்?

— முதலாளி ஆத்து கேட்டுக்கு அடிச்சேளே, அது என்ன நிறம்?

— அது முதலாளி வீடுவே! அதையும் இதையும் சேக்காதேயும். குறி போடாம எப்பிடித் தெரியும், நல்லது எது கெட்டது எதுன்னு?

— வாயால சொல்றதுதான். இந்த ஜன்னல் வழியாத் தலையை நீட்டி பேக்கிங் ரூம்ல சொல்வேன். தேறினதுன்னா 'ஆச்சு'ம்பேன். தேறாததுன்னா 'கழிஞ்சது'ம்பேன். மங்கலம் இருந்தவரைக்கும் ஒரு பெட்டி மாறிப் போனதில்லை. அவ புருஷனுக்குக் கோட்டாத்துல வேலையாச்சுன்னு போயிட்டா. இப்போ அந்த வேலைக்கு ஓமனா வந்திருக்கா.

— வாய்ச்சொல்லு. காத்துல போற வாய்ச்சொல்லு. அதுக்குச் சாட்சி?

— சாட்சி எதுக்கு? நான் பொய் சொல்றேன்னு நினைக்கறேளா?

— நான் ஒண்ணும் நினைக்கல்லை. கேக்கேன். செரி, அதை விடும். ஒம்ம டிபன் பாத்திரத்தை இங்கிண எடும்.

— எதுக்கு?

— எடும்வே. ...தெறயும். ம். என்ன இது?

— தயிர் சாதம்.

— தயிரு கெடக்கட்டும். சாதம். வெள்ளை வெளேர்னு சாதம். ஊரு பூரா மரச்சீனிக் கிழங்கைத் தின்னு தொண்டை அடைச்சு நிக்கி. ரேஷன்ல தாற அரிசி கோழிக்கு எறைக்கப் போராது. நானே தெனமும் கிழங்குதான் கொண்டு வாறேன், எல்லாரும் பாத்திருக்கா. அதையும் பேக்கிங் பொம்பளைகளுக்குக் குடுத்துட்டு வெறும் வயித்தோட இருக்கேன். வலியசாலை அக்ரகாரத்துல ஒமக்கு மட்டும் எந்த வயல் வெளைஞ்சுது?

— என் ஆம்படையா ஜெயலக்ஷ்மி பெத்துப் பிழைச்சு இன்னும் மாசம் ஆகலை. கிழங்கு அவ வயத்துக்கு ஒத்துக்கலை. பாலே வத்திப் போச்சு. குழந்தை அழுது அழுது குரல் கம்மிக் கெடந்தது. அப்போ கொஞ்சம் அரிசி கெடைச்சுது. நேக்கு வேண்டாம்னாலும் கேக்காம ஒரு கரண்டி வெச்சு அனுப்பறா.

— எங்கயிருந்து கெடைச்சுது?

— அதைச் சொல்ல முடியாது.

— சொல்ல முடியாதா? நான் சொல்லட்டா? குனிஞ்சு மோந்து பாரும். தயிரையும் மீறிப் புகை மணம் அடிக்கி. ரேஷன் அரிசிக்கு மக்கின மணம்லா உண்டு. இது ரப்பர் ஷீட்டுக்கு அடியில ஒளிச்சு, செக்கிங்காரன் கண்ணை மறைச்சு வந்த அரிசி. அந்த மணம் லேசுல போகாது கேட்டேரா. எத்தனை தண்ணியில களைஞ்சாலும் போகாது. அரைச்சுத் தோசை சுட்டாலும் போகாது. தாணுலிங்கம் லாரியில வந்த அரிசி, சத்தியமா.

— இருக்கலாம்.

— இருக்கலாமா! இப்பம் கணக்கு நேராச்சு பாரும். அந்த லாட்டு கழிஞ்சா தாணுலிங்கத்துக்கு இந்த வாசல் அடைச்சு. வெளிய போனா அவனுக்குக் கொண்டாட்டம். அவன் யாருக்கு அரிசி அளந்தானோ அவன்தான் கள்ளன். நாலாங்கிளாஸ் பையனுக்குக்கூட வெளங்கும்.

— வெளங்கும். நேக்கும் வெளங்கறது. ஆனா தாணுலிங்கம் பிள்ளையோட நான் ரெண்டு வார்த்தை பேசினதில்லை. அரிசி குடுத்தது வேற ஒருத்தர்.

— யாரு?

— வாக்கு குடுத்திருக்கேன், சொல்லமாட்டேன்னு. அவா மனசு இளகிக் குடுத்தா. அதுல ஒரு சூதும் இல்லை. பிள்ளைவாள், இதை நீங்க கேக்காம இருக்கறது உங்களுக்கே நல்லது.

— மெரட்டுகீரா?

— மெரட்டலை. வேண்டிக்கறேன்.

— வேண்டுகதை பத்மநாபசாமிகிட்ட வெச்சுக்கிடும். ஒரு ஆளு பேரைச் சொல்லமாட்டேன்னா அங்க என்னமோ நாறுகுன்னு அர்த்தம். கேப்டன் இப்பிடி மெதுவாக் கேக்கமாட்டான் ஓய்.

— நானும் ஒண்ணு கேக்கட்டுமா? அன்னிக்கு லாரியில ஏத்தறச்சே யார் பாத்துண்டா? எதை ஏத்தறது, எதை விடறதுன்னு ஸ்டோர்லேர்ந்துதானே சொல்லணும்?

— பாத்தீரா, திருப்பிக் கேக்கீரு! நான் லாரிப் பக்கம்தான் நின்னேன். அதுக்கென்ன? பெட்ரோல் இல்லாத லாரி, கரி போட்டு ஊதினாத்தான் அனங்கும். அந்த டிரைவரோட மல்லுக்கட்டவே எனக்கு நேரம் செரியா இருந்துது. எடைக்கு எத்தனை பெட்டின்னுதான் பாப்பேன். பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு தொறந்தா பாப்பேன்? அது ஒம்ம வேலை.

— அப்போ ஓமனாவைக் கூப்பிடுங்கோ. நான் சொன்னதும் சொல்லாததும் அவளுக்குத் தெரியும்.

— கூப்பிடத்தான் போறேன். ஏ ஓமனா! கையில உள்ளதைப் போட்டுட்டு இங்கிண வா.

— எந்தா சாரே? பெட்டி பாதி ஒட்டி வெச்சிருக்கு, பசை காஞ்சு போவும்.

— காயட்டும். இந்தப் பையைப் பாத்தியா? போன வாரம் நீ கெட்டின பெட்டியில இருந்து போனது. ஒரு பட்டாளக்காரன் வெந்து கெடக்கான்.

— அய்யோ என் பகவதியே! என் அண்ணனும் பட்டாளத்துலதான் சாரே. அவனில்லையே?

— ஒன் அண்ணன் இல்லை. வேற எவனோ. ஆனா அவனுக்கும் ஒரு தங்கச்சி இருப்பா. சொல்லு, இந்தப் பெட்டியை லாரியில ஏத்தச் சொன்னது யாரு?

— அய்யர் சார்.

— கேட்டேரா அய்யரே? கேட்டேரா?

— ஓமனே! நான் ஏத்தச் சொன்னேனா? நன்னா நினைச்சுப் பாரு. நான் என்ன சொன்னேன்?

— ஜன்னல் வழி தலை நீட்டிச் சொன்னீங்கல்லோ. 'ஓமனே, மூலையில உள்ள லாட் கழிஞ்சது'ன்னு.

— ஆமா, அதான் சொன்னேன். கழிஞ்சதுன்னு. அப்புறம் ஏன் ஏத்தினே?

— கழிஞ்ஞதுன்னு சொன்னா ஏத்தாம பின்னே?

— கழிஞ்சதுன்னா ஆகாதுன்னு அர்த்தம்டீ! கழிச்சுக் கட்டினது! வெத்தலைக்கட்டுல அழுகினதைக் கழிக்கறாளே, அது மாதிரி!

— அது உங்க தமிழ்ல சாரே. எங்களுக்குக் கழிஞ்ஞதுன்னா முடிஞ்சதுன்னல்லே? வேலை கழிஞ்ஞு, சோதனை கழிஞ்ஞு, இனி கொண்டுபோகலாம்ன்னு. நீங்களே தெனமும் மத்தியானம் எங்களைப் பாத்து 'ஊணு கழிஞ்ஞோ'ன்னு சிரிச்சிட்டுக் கேப்பீங்கல்லோ. அப்போ நான் சோத்தைத் தூரப் போட்டேன்னா அர்த்தம்?

— ஈசுவரா.

— என்னவே, முகம் வெளுத்துப் போச்சு?

— அவ சொல்றது நியாயம் பிள்ளைவாள். நான் ஆச்சுன்னாலும் அவளுக்கு முடிஞ்சது. கழிஞ்சதுன்னாலும் முடிஞ்சது. மங்கலம் தமிழ்க்காரி, அவளுக்குக் கொழப்பமில்லை. ஆள் மாறினப்போ வார்த்தையை மாத்தணும்னு நேக்குத் தோணலை. ரெண்டு பாஷையும் தண்ணிபட்ட பாடா பேசிண்டு, இது தோணலையே! ஒரு வார்த்தையால அந்தப் பையன் வயிறு வெந்துது.

— அப்பாடா. மலை போல வந்துது, பனி போலப் போச்சு. இம்புட்டுத்தானா! கள்ளனும் இல்லை, நாசவேலையும் இல்லை. கேட்டவ காது தப்பாக் கேட்டுச்சு. முதலாளிக்கு இது போரும்.

— காது தப்பாவா? யாரோட காது சாரே?

— ஒன் காதுதான். இந்த ஜன்னல்ல வேலை பாக்குகவளுக்கு எக்ஸாமினர் என்ன சொல்லுகாருன்னு புரியாண்டாமா? பேரு ஒண்ணு கேக்காவ. ஒன் பேரைச் சொல்லீருவோம். பொம்பளைன்னா கேப்டன் ஜெயில்லெல்லாம் போடமாட்டான். வேலை மட்டும்தான் போகும்.

— வேலை மட்டுமோ? சாரே, அம்மைக்குக் கண்ணு தெரியாது. தங்கச்சி ரெண்டு பேரு. அண்ணன் அனுப்புறது எப்போ வரும், வராதுன்னு யாருக்கும் தெரியாது. இந்த வேலை போனா நாங்க கிழங்குகூட இல்லாம கெடந்து சாவோம்.

— அழாதே. அழுது ஒண்ணும் ஆகாது.

— அழலை. ஒண்ணு சொல்லட்டே? எனக்கும் அன்னைக்கு சம்சயம் வந்தது. மூலையில அடுக்கின பெட்டியை இதுவரைக்கும் யாரும் எடுத்ததில்லையே, இது மாத்திரம் எப்படின்னு. அய்யர் சார் குளத்துக்குக் கை கால் கழுவப் போயிருந்தாரு. அதனால லாரிகிட்ட வந்து உங்ககிட்டே கேட்டேன்.

— எனக்கிட்டயா? என்ன கேட்டே?

— 'பிள்ளை சாரே, மூலையில உள்ள லாட் கழிஞ்ஞதுன்னு அய்யர் சார் சொன்னாரு. அது எந்தக் கழிஞ்சது? தமிழோ, மலையாளமோ?'ன்னு கேட்டேன்.

— இவ கதை கெட்டுகா!

— பிள்ளைவாள், அவ சொல்லி முடிக்கட்டும். அதுக்கு இவர் என்ன சொன்னார் ஓமனே?

— ஒண்ணும் சொல்லலை. பெட்டியைப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு. அப்புறம் 'நம்ம ஊருல கழிஞ்ஞதுன்னா என்னட்டி அர்த்தம்? ஏத்து'ன்னாரு.

— பச்சைப் பொய்! கரி லாரி போடுக சத்தத்துல எவன் காதுல எது விழுந்துது? இவ வந்ததே எனக்கு ஓர்மையில்லை.

— வந்தேன் சாரே. கிழங்கு தந்தீங்க. அன்னைக்கும் உங்க கிழங்குப் பொதியை எனக்குத்தான் தந்தீங்க, 'நீ தின்னு, எனக்கு வேண்டாம்'ன்னு.

— பாத்தீரா அய்யரே, எரக்கப்பட்டுத் தின்னக் குடுத்த கையைத்தான் கடிக்கா. ஏ, நீ வெளிய போயி நில்லு. கூப்பிட்டா வா. கதவைச் சாத்தீட்டுப் போ.

— போறேன் சாரே.

— அவ போயாச்சு. இப்பம் நாம ரெண்டு பேரும்தான். பிச்சுமணி, நான் நேராச் சொல்லுகேன். ஒமக்கும் எனக்கும் பகை ஒண்ணும் கெடையாது.

— அவ பொய் சொல்லலை.

— பொய்யோ மெய்யோ, சாட்சி இல்லை. அவ சொல்லு ஒரு பக்கம், என் சொல்லு ஒரு பக்கம். பசை ஒட்டுகவ பேச்சையா, இந்தக் கம்பெனி தொடங்கின நாள்ல இருந்து இருக்கவன் பேச்சையா முதலாளி எடுப்பாரு? ஒமக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. 'நான் செரியாத்தான் சொன்னேன், ஓமனா தப்பா வெளங்கிக்கிட்டா' இம்புட்டு மட்டும் சொல்லும். அது சத்தியமும்தானே? ஒம்ம அரிசிச் சமாச்சாரத்தை நான் வாயில எடுக்கவே மாட்டேன்.

— சொல்லலைன்னா?

— சொல்லலைன்னா இந்த டிபன் பாத்திரம் முதலாளி மேசைக்குப் போகும். எக்ஸாமினர் வீட்டுல தாணுலிங்கம் அரிசி. எந்த வாக்கும் ஒம்மைக் காப்பாத்தாது. பச்சப் புள்ளைக்காரி ஒருத்தி வீட்டுல கெடக்கா. யோசியும்.

— நேக்குப் பயமா இருக்கு பிள்ளைவாள். வெக்கத்தை விட்டுச் சொல்றேன். போலீஸ்காரன் வலியசாலை தெருவுல வந்து நின்னா ஜெயலக்ஷ்மி தாங்கமாட்டா.

— அதான் சொல்லுகேன்.

— ஆனா அந்தப் பொண்ணு வந்து கேட்டிருக்கா. சந்தேகம் வந்ததும் கேட்டிருக்கா. இத்தனை வருஷமா நான் எல்லார்கிட்டயும் என்ன சொல்லிண்டிருக்கேன்? சந்தேகம் வந்தா நிறுத்து, கேளுன்னுதானே? இந்தக் கம்பெனியில அன்னிக்கு ஒழுங்கா வேலை பாத்தது அவ ஒருத்திதான். அவ பேரை நான் எப்படிச் சொல்வேன்?

— அப்பம் ஒம்ம பேரைச் சொல்லும்! ...கேட்டேரா, ஹாரன் சத்தம். கரமனைப் பாலத்துல கார் திரும்பீட்டு. இனி நேரமில்லை. ஒண்ணு அவ, இல்லைன்னா நீரு.

— ஓமனே! கதவைத் தெறந்துண்டு உள்ளே வா. நீயும் கேக்கணும்.

— அவளை எதுக்கு...

— இருக்கட்டும். பிள்ளைவாள், நீங்க கெட்டிக்காரர். மூடியைத் தெறந்ததும் புகை மணத்தைக் கண்டுபிடிச்சேள். ஆனா ஒண்ணு கேக்கறேன். அரைச்சுத் தோசை சுட்டாலும் போகாதுன்னேளே, அது உங்களுக்கு எப்படித் தெரியும்? தெனம் கிழங்கு திங்கறவருக்கு?

— அது... யாரோ சொல்லிக் கேட்டது.

— எங்காத்துல தோசைக்கு நனைக்கற அளவுக்கு அரிசி ஏது? நாழி நாழியா வந்த அரிசி. கஞ்சிக்கே அளந்துதான் போடறா. தோசை சுடணும்னா மூட்டை வேணும்.

— என்னவே பேசுகீரு? என்ன மூட்டை?

— அய்யர் சாரே, கார் வந்தது. முதலாளியும் கேப்டன் சாயிப்பும் இறங்கறாங்க.

— வரட்டும் ஓமனே. நான் குடுத்த வாக்கு இன்னிக்கு உடையறது. அந்த மகராசி என்னை மன்னிக்கணும், அவ குடுத்த அரிசியிலதான் என் குழந்தை பிழைச்சுது. பிள்ளைவாள், வலியசாலை கோவில் பிராகாரத்துல முந்தானைக்குள்ள மறைச்சு எடுத்துண்டு வந்து ஜெயலக்ஷ்மிக்கு அரிசி குடுத்தது உங்காத்து சிவகாமியம்மாள்தான். 'தாணுலிங்கம் கொண்டு எறக்கின மூட்டை எங்க வீட்டு அட்டாலிப் பரணுல முட்ட முட்டக் கெடக்கு, பாலு குடுக்கவ நீ வயிறு நெறையத் தின்னு தாயி, எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியாண்டாம்'னு சொன்னாளாம்.